மிச்சமிருக்கும் முள்ளைப் பார்த்துக் கத்தி வாங்குங்கள்

மீனை ஃபில்லெட் எடுத்து, அதாவது சதையை முள்ளிலிருந்து முழுத் துண்டாகப் பிரித்து முடித்ததும் எல்லாரும் சதைத் துண்டைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது பலகையில் மிச்சமாகக் கிடக்கும் முள்ளை. ஒரு முனையில் தலை, மறு முனையில் வால், நடுவில் சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக நிற்கும் முட்கள். அந்தக் கூட்டை வாலைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே காட்டுவேன். முட்களுக்கு இடையே வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் வேலை சுத்தம். சதை அடைத்துக்கொண்டிருந்தால், எந்த இடத்தில், எந்த மாதிரி அடைத்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பேன்.

இந்தப் பழக்கம் நானாகக் கற்றுக்கொண்டதில்லை. மீன் பதப்படுத்தும் கூடமொன்றில் சில மாதங்கள் வேலை பார்த்தபோது, எனக்குப் பக்கத்துப் பலகையில் நின்ற பெரியவரிடமிருந்து வந்தது. எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நான் ஒரு மீனை முடித்து அடுத்ததை எடுக்கப் போனால் நிறுத்துவார். "முள்ளைக் காட்டு தம்பி. கத்தி என்ன பண்ணிருக்குன்னு பார்ப்போம்" என்பார். காட்டுவேன். "இங்க பாரு, விலா முள்ளுல சதை அப்படியே நிக்குது. உன் கத்தி வளையல. எங்கிட்ட இருக்கிறத எடு." அவருடைய கத்தியை வாங்கி அதே மீனின் மறுபக்கத்தை நான் எடுத்தால், அதே கைதான், அதே நிமிடம்தான், முள் வேறு மாதிரி வரும்.

நல்ல ஃபில்லெட் கத்தி எது என்று யாராவது கேட்டால் நான் இன்னும் அந்த முள்ளிலிருந்துதான் பதிலைத் தொடங்குகிறேன். இப்போது வைத்திருக்கும் கத்தியால் ஒரு மீனை எடுத்துப் பாருங்கள். விலா எலும்புகளின் வளைவில் சதை தங்கினால் அலகு அளவுக்கு மீறி விறைப்பு, அல்லது தடிமன். நடுமுள்ளின் மேல் சதை அலை அலையாக, ஓரிடத்தில் மெல்லியதாகவும் ஓரிடத்தில் கனமாகவும் நின்றால் அலகு அளவுக்கு மீறி வளைகிறது. படிக்கட்டு மாதிரி வெட்டுத் தடங்கள் விழுந்திருந்தால் அலகின் நீளம் போதவில்லை. சின்னச் சின்ன இழுப்புகளாக அறுத்திருக்கிறீர்கள். சதை நார் நாராகப் பிய்ந்து, நறுக்கப்பட்ட முள் துண்டுகள் ஃபில்லெட்டுக்குள் ஏறியிருந்தால் கூர் இல்லை. கூர் இல்லாததை அழுத்தத்தால் ஈடுகட்டப் பார்த்திருக்கிறீர்கள். கடைசியாகச் சொன்னதற்குப் புதுக் கத்தி தேவையில்லை. தீட்டுக்கல் போதும். ஆனால் பலரும் அதற்காகத்தான் புதுக் கத்தி வாங்குகிறார்கள்.

இந்தக் கத்திக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசனை என்று தோன்றலாம். காய்கறியோ இறைச்சியோ வெட்டும்போது கத்தி மேலிருந்து கீழே இறங்குகிறது. வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. ஃபில்லெட் எடுக்கும்போது அலகு ஏறக்குறைய படுத்தே கிடக்கிறது. சதைக்கு அடியில் போய்விட்டபின் அதன் வாய் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கைக்கு மட்டும்தான் தெரியும். அலகு முட்களின் மேல் உரசிப் போகும்போது டிக் டிக் டிக் என்று ஒரு மெல்லிய அதிர்வு கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வரும். அந்த அதிர்வு சீராக வந்துகொண்டிருந்தால் அலகு சரியான பாதையில் போகிறது. நின்றுவிட்டால் சதைக்குள் ஏறிவிட்டது. கரகரவென்று மாறினால் முள்ளுக்குள் இறங்குகிறது. தடித்த, கனமான, மழுங்கிய கத்தியில் இந்தச் செய்தி எதுவும் கைக்கு வந்து சேராது.

நான் என் பணத்தில் வாங்கிய முதல் ஃபில்லெட் கத்தி பார்க்க அவ்வளவு அழகு. 25 செ.மீ. அலகு, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, வழுவழுவென்று மெருகேற்றிய மரக் கைப்பிடி. வாங்கி வந்த மூன்றாம் நாள், கை நிறைய மீனின் கோழையோடு வயிற்றைக் கீறப் போனபோது நுனி ஒரு எலும்பில் முட்டி நின்றது. கத்தி நின்றுவிட்டது, கை நிற்கவில்லை. கைப்பிடியில் வழுக்கி அலகின் மேலேறி, ஆள்காட்டி விரலின் உள்மடிப்பில் ஆழமாக இறங்கியது. தையல் போட்டார்கள். அந்த விரலை இன்றும் முழுதாக மடக்கினால் ஓர் இழுப்பு இருக்கிறது. ஆகவே நான் கைப்பிடியிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

மீனின் உடம்பில் இருக்கும் கோழை சாதாரண ஈரமில்லை. சோப்பு நுரையைவிட மோசமாக வழுக்கும். அதனால் கைப்பிடிக்கு இரண்டு விஷயங்கள் கண்டிப்பாக வேண்டும். ஒன்று, விரல் பதியும்படியான சொரசொரப்பு. ரப்பர் போன்ற மேல்பூச்சு உள்ளதோ, சொரசொரப்பாக வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக்கோ எதுவானாலும் சரி. இரண்டாவது, அலகு தொடங்கும் இடத்தில் ஆள்காட்டி விரலை முன்னே போகவிடாமல் தடுக்கும் ஒரு புடைப்பு. என் அழகுக் கத்தியில் இரண்டுமே இல்லை. கடையில் மீனும் கோழையும் இருக்காது என்பதால் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, உறை போட்ட கத்தியைப் பிடித்து மேசையில் நுனியை ஊன்றித் தள்ளிப் பார்ப்பேன். அப்போதும் கை முன்னால் நகராத கைப்பிடி நல்ல கைப்பிடி. அளவும் முக்கியம். விரல்கள் சுற்றி வந்து உள்ளங்கையைத் தொட முடியாத அளவுக்குப் பருமனாக இருந்தால் கால் மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். ரொம்ப ஒல்லியாக இருந்தால் கத்தி கைக்குள்ளேயே உருளும்.

மரக் கைப்பிடி கூடாதென்று நான் சொல்லவில்லை. மெருகு போடாத, இழை தெரியும் மரம் ஈரத்தில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் மரம் தண்ணீரைக் குடிக்கும், காயும், சுருங்கும். அலகுக்கும் மரத்துக்கும் நடுவில் இடுக்கு விழுந்தால் மீன் கழிவு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். தொழிற்கூடங்களில் வார்ப்புக் கைப்பிடியையே பெரும்பாலும் பார்க்க முடிவது இதனால்தான். அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசி வரை போக வேண்டும், மூன்று ஆணி தெரிய வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. கனமான வெட்டுக்கத்திக்கு அது சரி. மீனில் அலகைப் படுக்கவைத்து இழுக்கிறோம், ஓங்கி வெட்டுவதில்லை. நன்றாக வார்த்த கைப்பிடிக்குள் பாதி தூரம் போன அலகு போதும்.

அடுத்தது வளைவு. இதைப் பற்றித்தான் அதிகத் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. ஃபில்லெட் கத்தி என்றால் நன்றாக வளைய வேண்டும், வளைய வளைய உசத்தி என்பது பொதுவான எண்ணம். மென்மையான எஃகு அதிகம் வளையும், கடினமான எஃகு வளையாது என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் பார்ப்போம். ஓர் அலகு எவ்வளவு எளிதாக வளைகிறது என்பதை எஃகின் கடினம் தீர்மானிப்பதில்லை. அலகின் வடிவமே தீர்மானிக்கிறது. கத்திக்குப் பயன்படும் எல்லா எஃகுக்கும் மீள்விசை, அதாவது வளைப்பதை எதிர்த்து நிற்கும் குணம், ஏறக்குறைய ஒரே அளவுதான். சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் ஏற்றினாலும் இறக்கினாலும் அது அதிகம் மாறாது. பதம் மாற்றுவது வேறொன்றை. வளைத்து விட்டால் அலகு நேராகத் திரும்புமா, அப்படியே கோணி நிற்குமா, அல்லது முறியுமா என்பதை.

வளைவைத் தருவது தடிமனும் நீளமும். தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது 2 மி.மீ. தடிமனுள்ள அலகையும் அதே அகலம், அதே நீளத்தில் 1 மி.மீ. தடிமனுள்ள அலகையும் ஒரே விசையால் தள்ளினால், மெல்லியது எட்டு மடங்கு வளையும். நீளத்துக்கும் இதே மும்மடிக் கணக்குதான். ஒரே தடிமனில் 15 செ.மீ. அலகைவிட 23 செ.மீ. அலகு சுமார் மூன்றரை மடங்கு வளையும். கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் ஒரே மாதிரிக் கத்திகளில் பெரியதை எடுக்கும்போது, நீளத்தோடு சேர்த்து வேறொரு வளைவையும் வாங்குகிறோம் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. நல்ல தயாரிப்பாளர்கள் நீளம் கூடும்போது முதுகின் தடிமனையும் கூட்டி இதைச் சரிக்கட்டுவார்கள். அப்புறம், முதுகு கைப்பிடியிலிருந்து நுனி வரை ஒரே தடிமனாகவும் இருக்கக் கூடாது. நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போக வேண்டும்.

கடையில் சோதிப்பது எளிது. அலகின் தட்டைப் பக்கம் மேலே இருக்க, நுனியை ஒரு மரப்பலகையில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். எவ்வளவு வளைகிறது என்பதைவிட எங்கே வளைகிறது என்று பாருங்கள். கைப்பிடி ஓரத்திலேயே மடங்கினால் வேண்டாம். அந்தக் கத்தி உங்கள் பேச்சைக் கேட்காது. முன்பாதியில் தொடங்கி நுனி வரை சீரான வில் மாதிரி வளைய வேண்டும். விட்டவுடன் நேராகத் திரும்ப வேண்டும். ஒரு கண்ணை மூடி முதுகின் மேல் நேர்கோட்டில் பார்த்தால் கோணல் இருந்தால் தெரிந்துவிடும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் இந்தச் சோதனைக்கு வழியில்லை. விவரக் குறிப்பில் அதிக வளைவு, நடுத்தரம், விறைப்பு என்று மூன்றில் ஒன்றைப் போட்டிருப்பார்கள். எதுவுமே போடாமல் வெறும் ஃபில்லெட் கத்தி என்று மட்டும் இருந்தால் நான் வாங்கமாட்டேன்.

சரி, எவ்வளவு வளைவு வேண்டும்? நீங்கள் அதிகம் எடுப்பது எந்த மீன் என்பதைப் பொறுத்தது. தட்டை மீன்களில் நல்ல வளைவு தேவை. நாக்கு மீனின் இனத்தைச் சேர்ந்த பெரிய தட்டை மீன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்க, பலகையில் இலை மாதிரிப் படுத்துக் கிடக்கும். இதில் இரண்டு ஃபில்லெட் கிடைக்காது, நான்கு கிடைக்கும். தலைக்குக் கீழிருந்து வால் வரை நடுக்கோட்டில் நுனியால் ஒரு கீறல், முள்ளைத் தொடும் வரை. பிறகு அந்தக் கீறலின் ஓரத்தை இடது கையால் லேசாகத் தூக்கி, அலகை உள்ளே நுழைத்து, நடுமுள்ளிலிருந்து துடுப்பை நோக்கி வருடுவது மாதிரி நீள இழுக்க வேண்டும். முட்கள் விசிறி மாதிரி விரிந்து, நடுவில் லேசாக உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்து போகும். வளையும் அலகு அந்தச் சரிவில் ஒட்டிக்கொண்டே இறங்கும். கட்டைவிரல் முதுகின் மேல் லேசாக இருந்தால் போதும். மூன்று இழுப்பில் சதை புத்தகத்தின் பக்கம் மாதிரித் திறந்து விழும். அடியில் முட்கள் கண்ணாடித்தாள் மேல் கோடு போட்டது போல வெள்ளையாகத் தெரியும். விறைத்த கத்தியால் இதே வேலையைச் செய்தால் முட்களுக்கு மேலே ஒரு தகடு சதை கட்டாயம் தங்கும்.

ஆனால் அதே கத்தியை ஐந்தாறு கிலோ எடையுள்ள உருண்டை மீனுக்குக் கொண்டுபோனால் வேறு கதை. சதையின் கனம் அலகை மேலிருந்து அழுத்தும். நுனி ஒரு பக்கம் போகும், நடு அலகு ஒரு பக்கம் போகும். கை சொல்வதை அலகு செய்யாது. முள்ளில் அந்த அலை அலையான தடம் விழுவது இப்படித்தான். பெரிய மீனுக்கு 23 முதல் 25 செ.மீ. நீளத்தில், கொஞ்சமே வளையும் கத்தி வேண்டும். சூரை இனத்தின் பெரிய மீன்களில் ஒவ்வொரு பக்கத்தையும் முதுகு, வயிறு என்று பிரித்து நான்கு பாளங்களாக எடுப்பார்கள். அங்கே வளைவுக்கு வேலையே இல்லை. கெளுத்தி மாதிரி வலுவான தலையெலும்பும் விலாவும் உள்ள மீன்களுக்கும் விறைப்பான அலகே நல்லது. அரைக் கிலோவுக்குக் கீழான சிறு மீன்களுக்கு 15 செ.மீ. அலகு கைக்குள் அடங்கி வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் வாங்கப் போகிறேன் என்பவருக்கு 18 முதல் 20 செ.மீ., நடுத்தர வளைவு. ஒன்றிலிருந்து மூன்று கிலோ வரையான மீனை அது நன்றாகவே பார்த்துக்கொள்ளும்.

நீளத்தைத் தீர்மானிக்க இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறேன். தோலை உரிக்கும்போது அலகு ஃபில்லெட்டின் முழு அகலத்தையும் தாண்டி, இரு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வால் முனையில் தோலை இறுகப் பிடித்து, அலகைத் தோலுக்கும் சதைக்கும் நடுவில் நுழைத்து, கத்தியை ஏறக்குறைய அசைக்காமல் தோலைத்தான் இடவலமாக ஆட்டி இழுக்க வேண்டும். அலகு குட்டையாக இருந்தால் ஒரு ஓரம் பிடிபடாமல் போய்த் தோல் கிழியும். நீங்கள் எடுக்கும் ஃபில்லெட் 12 செ.மீ. அகலம் வருமென்றால் 18 செ.மீ. அலகுக்குக் கீழே போக வேண்டாம்.

வளைவைப் பற்றி இவ்வளவு சொன்னபின், அதற்கு நேர் எதிரான ஒரு கத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் மீனைப் பிரிக்கப் பயன்படுத்தும் தேபா கொஞ்சம்கூட வளையாது. அலகு பெரும்பாலும் 15 முதல் 21 செ.மீ.தான். ஆனால் கைப்பிடி ஓரத்தில் முதுகு 5 மி.மீ.க்கும் மேல் தடித்திருக்கும். கையில் எடுத்தால் சின்னக் கோடரி மாதிரி கனக்கும். இதை வைத்துக்கொண்டு எப்படி முள்ளைச் சுத்தமாக எடுக்கிறார்கள் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. கையில் கிடைத்து வேலை செய்து பார்த்தபோது விளங்கியது. அதன் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். மறுபக்கம் தட்டை. தட்டை என்பதுகூடச் சரியில்லை, நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். அந்தப் பக்கம் முள்ளின் மேல் படிந்து சறுக்கிப் போக, சரிவுள்ள பக்கம் சதையை ஆப்பு மாதிரி மேலே தள்ளிவிடுகிறது. முள்ளைத் தழுவ அவர்கள் அலகின் வளைவை நம்பவில்லை. அலகின் ஒரு முகத்தை நம்புகிறார்கள். தடித்த அடிப்பாகத்தால் தலையையும் வெட்டிவிடலாம். இரண்டு ஃபில்லெட், ஒரு முள்கூடு என மூன்றாகப் பிரிக்கும் இந்த முறைக்கு சன்மாய் ஓரோஷி என்று பெயர். எனக்கு தேபா பிடிக்கும். ஆனால் முதல் கத்தியாக யாருக்கும் சொல்லமாட்டேன். அதைத் தீட்டுவதே தனிக் கலை. இடக்கைப் பழக்கம் உள்ளவர் சரிவு மறுபக்கம் இருக்கும்படி செய்ததைத்தான் தேடி வாங்க வேண்டும். வலக்கைக்காரரின் தேபா அவருக்கு முள்ளை விட்டு விலகி விலகிப் போகும்.

எஃகுக்கு வருவோம். இங்கே நான் அதிகம் நிற்கப் போவதில்லை. எஃகின் பெயரைப் பார்த்து வாங்குபவர்கள் கைப்பிடியையும் வளைவையும் பார்க்க மறந்துவிடுகிறார்கள். எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால்தான் அது ஸ்டெயின்லெஸ். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டுக்கொள்கிறது. துரு ஏறாமல் காப்பது அந்தப் படலம்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-இல் இந்த வகை எஃகை உருக்கியபின் கத்திகளின் உலகமே மாறியது. இன்று ஐரோப்பியக் கத்திகளில் பரவலாகக் காணப்படும் எஃகு ஒன்றில் கார்பன் அரை சதவீதமும் குரோமியம் சுமார் 15 சதவீதமும் இருக்கும். ராக்வெல் அளவில் 55, 56 என்று கடினம் வரும். ஜப்பானியக் கார்பன் எஃகு 60-ஐத் தாண்டும். எண் கூடினால் கூர் நீடிக்கும், உண்மைதான். ஆனால் முள்ளில் மோதும்போது கடினமான மெல்லிய வாய் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து போகும், மென்மையானது மடங்கிக்கொள்ளும். மடங்கியதைத் தீட்டுக்கோலில் நாலு தடவை வருடினால் நிமிர்ந்துவிடும். சில்லு பெயர்ந்ததைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் கல்லோடு உட்கார வேண்டும். முள்ளோடு ஓயாமல் உரசும் கத்திக்கு 55 முதல் 58 வரையான கடினம் போதும் என்பது என் முடிவு.

ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நம்பிவிடவும் வேண்டாம். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே ஓட்டை போடும். கடல் மீனை வெட்டிவிட்டுக் கழுவாமல் உறையில் செருகி வைத்த கத்தியில், அடுத்த வாரம் ஊசி குத்தியது போல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். புள்ளி கத்தி வாயில் விழுந்தால் அந்த இடம் எப்போதும் சதையில் மாட்டும். கடலில், படகிலேயே வேலை செய்பவர்களுக்காகக் கார்பனுக்குப் பதில் நைட்ரஜனைச் சேர்த்த எஃகில் செய்த கத்திகள் வருகின்றன. எச்1 என்ற எஃகு அப்படிப்பட்டது. உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும். வீட்டில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கும் பழக்கம் உள்ளவருக்கு அது தேவையில்லை.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்காக ஒன்றிரண்டு. பின்லாந்தின் மார்ட்டினி நிறுவனம், தூண்டில் பொருள்கள் விற்கும் ரபாலாவுக்காகச் செய்துவரும், பிர்ச் மரக் கைப்பிடி போட்ட மெல்லிய கத்தி உலகெங்கும் தூண்டில்காரர்களின் கையில் இருக்கிறது. கைப்பிடியின் மரத்தைப் பராமரிக்கத் தெரிந்தவருக்கு அது நல்ல துணை. தொழிற்கூடத்து ஆட்களிடம் அதிகம் பார்க்க முடிவது சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ், கறுப்பு வார்ப்புக் கைப்பிடியோடு. ஸ்வீடனின் மோரா கத்தியும் ஈரக் கையில் நன்றாகப் பிடிக்கும். இவற்றில் எதுவுமே ஆடம்பரப் பொருள் இல்லை. ஃபில்லெட் கத்தியைப் பொறுத்தவரை, ஒரு கட்டத்துக்கு மேல் கொடுக்கும் பணம் அலங்காரத்துக்குப் போகிறது என்பது என் அனுபவம். மின்சாரக் கத்தியும் உண்டு. பல் வைத்த இரண்டு அலகுகள் முன்னும் பின்னும் ஓடி விலா எலும்புகளோடு சேர்த்து அறுத்துத் தள்ளும். ஒரே நாளில் நூறு மீன் முடிக்க வேண்டுமென்றால் உதவும். கைக்கு வரும் அந்த டிக் டிக் அதில் வராது.

இவ்வளவு பார்த்து வாங்கிய கத்தியையும் ஒரே வாரத்தில் கெடுத்துவிட முடியும். அதற்கு முதல் வழி, அதே கத்தியால் செதில் உரசுவது. செதிலுக்கு அடியில் மணல் இருக்கும். அது கத்தி வாயைத் தின்றுவிடும். செதிலுக்குத் தனிச் சுரண்டி, துடுப்புக்குக் கத்தரி, சதைக்குள் நிற்கும் ஊசி முட்களுக்கு இடுக்கி. அந்த ஊசி முட்களை எந்தக் கத்தியாலும் முழுதாக எடுத்துவிட முடியாது. ஃபில்லெட்டின் தலைப்பக்கத்தில் விரல் நுனியால் தடவினால் வரிசையாகக் குத்தும். அவற்றைத் தலை இருந்த திசையிலேயே சாய்த்து இழுத்தால் சதை பிய்யாமல் வரும்.

இரண்டாவது வழி, கண்ணாடி, கல், உலோகப் பலகைகளின் மேல் வெட்டுவது. மூன்றாவது, பாத்திரம் கழுவும் இயந்திரம். இரண்டையும் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை.

தீட்டுவதைப் பற்றி விரித்துத்தான் சொல்ல வேண்டும். வளையும் அலகைத் தீட்டுவது சமையலறைக் கத்தியைத் தீட்டுவது மாதிரி இல்லை. கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு கல்லில் இழுத்தால் அலகு வளைந்து கோணம் மாறிக்கொண்டே இருக்கும். இடது கையின் இரண்டு விரல்களை, கல்லைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே அலகின் மீது வைத்து, அந்த விரல்கள் இருக்கும் இடத்தை மட்டும் தீட்ட வேண்டும். பிறகு விரல்களை நகர்த்தி அடுத்த இடம். இப்படி அடியிலிருந்து நுனி வரை நாலைந்து பகுதிகளாகப் போக வேண்டும். கோணம் ஒரு பக்கத்துக்கு 15 பாகை. அளவுகோல் வேண்டாம். அலகின் அகலம் 2 செ.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து அரை செ.மீ. தூக்கிப் பிடித்தால் ஏறக்குறைய அந்தக் கோணம் வந்துவிடும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். கட்டைவிரலை முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கி வெளியே வருடினால் நூல் மாட்டுவது போலத் தட்டுப்படும். அலகின் முழு நீளத்துக்கும் பிசிறு வந்தபின்தான் மறுபக்கம் திருப்ப வேண்டும். அவசரப்பட்டுப் பாதியில் திருப்பியதால்தான் எனக்கு வெகுகாலம் நுனிப்பக்கம் மட்டும் கூரே ஏறாமல் இருந்தது.

தீட்டுக்கல்லில் எண் கூடக் கூடக் கரகரப்பு குறையும். 1000 எண்ணில் ஒன்று, அதற்குமேல் 3000 அளவில் ஒன்று இருந்தால் போதும். அதற்கும் மேலே மெருகேற்றினால் தாளை அழகாக அறுக்கும், ஆனால் மீன் தோலின் மேல் வழுக்கும். தோலில் பிடித்து இறங்க வாயில் நுண்ணிய கரகரப்பு கொஞ்சம் இருப்பது நல்லது. வேலைக்கு நடுவில் தீட்டுக்கோலில் நாலைந்து வருடல், அதுவும் அழுத்தாமல். தேபா போன்ற கடினமான அலகை மட்டும் வரி போட்ட இரும்புக் கோலில் தேய்க்க வேண்டாம், சில்லு பெயரும்.

மீனைப் பிடிக்கும் கையில் வெட்டுத் தாங்கும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இழுத்து அறுக்கும் வெட்டை அது தாங்கும். நேராகக் குத்தும் நுனியையும் துடுப்பு முள்ளையும் தாங்காது, அதையும் நினைவில் வையுங்கள். மீன் முள் குத்திய இடம் அடுத்த நாள் சிவந்து வீங்கினால் தானாகச் சரியாகும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மீனோடும் கடல் தண்ணீரோடும் வரும் சில கிருமிகள் சின்னக் காயத்தின் வழியாகவே பெரிய தொல்லை தந்துவிடும்.

இப்போது என்னிடம் மூன்று கத்திகள் இருக்கின்றன. 15-இல் ஒன்று, 20-இல் நடுத்தர வளைவாக ஒன்று, 25-இல் விறைப்பாக ஒன்று. நடுவில் உள்ளதுதான் தினமும் கைக்கு வருவது. தீட்டித் தீட்டி அதன் அகலம் வாங்கியபோது இருந்ததில் முக்கால்வாசிதான் இருக்கிறது. அகலம் குறையக் குறைய அது முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைகிறது. போன வாரம் ஒரு மூன்று கிலோ மீனை எடுத்துவிட்டுக் கூட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். விலாப் பக்கம் சுத்தம், வெளிச்சம் தெரிந்தது. ஆனால் முதுகுத் துடுப்புக்குக் கீழே, கழுத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு, சதை லேசாக அலையடித்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். போன மாதம் இது இல்லை. அந்தக் கத்தியை இனி இரண்டு கிலோவுக்குக் கீழான மீன்களுக்கென்று ஒதுக்கிவிட்டேன். அதே அளவில் புதிதாக ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.